குடும்பத்துடன் காண்க

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சந்திரிகா வேலை பார்க்கும் பட்டறையிலிருந்து நாளொன்றுக்கு ஆறாயிரம் பிராக்கெட் வெளியே போகும். கார் கதவுக்குள் எங்கேயோ ஒளிந்துகொள்ளும் இரும்புத் துண்டு அது. காரை வாங்குகிறவர் ஆயுசுக்கும் அதைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. அவருக்கும் சேர்த்து சந்திரிகா பார்த்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆறாயிரத்தையும் கையில் எடுத்து அளக்க முடியுமா? அதற்கு ஒரு முறை உண்டு. தகட்டை அடித்து வெட்டும் பிரஸ் ஓட ஆரம்பித்ததும் முதல் பீஸ், பாதியில் ஒரு பீஸ், நிறுத்தும்போது கடைசி பீஸ். மூன்றையும் வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்ப்பாள். மூன்றும் அளவுக்குள் நின்றால் இடையில் விழுந்ததெல்லாம் சரியாகத்தான் இருக்கும். மிஷின் நடுவில் மனசு மாறுகிற சாமான் இல்லை. பெட்டிக்குப் பச்சை டேக் கட்டுவாள். அளவு தப்பினால் சிவப்பு. இரண்டுங்கெட்டானாக இருந்தால் மஞ்சள்: நிறுத்தி வை, யோசித்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். மஞ்சளில் மட்டும் காரணம் எழுத ஒரு கோடு போட்டிருக்கும். எந்த டேக்காக இருந்தாலும் அடியில் 'ச' என்று எழுதி ஒரு சுழி சுழிப்பாள். அந்தச் சுழி போட்டுப் போன பெட்டி ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

இந்தப் பெருமையெல்லாம் பட்டறை கேட்டோடு சரி. முடிச்சூரில் அறுபத்துநாலு வீடு கொண்ட அடுக்ககத்தில், தாம்பரத்தில் எலக்ட்ரிகல் கடை வேலைக்குப் போகும் ஜெயவேலுவின் வீட்டம்மா என்றுதான் வெகு காலம் அவளைச் சொல்லிவந்தார்கள். அதிகம் பேசமாட்டாள். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். மகள் எழில் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு அந்தச் சிரிப்புக்கும் வேலை குறைந்துபோனது.

அப்புறம்தான் ப்ரொஜெக்டர் வந்தது. பட்டறைப் பயிற்சி அறையில் பெரிய டிவி மாட்டியதும் பழைய ப்ரொஜெக்டரைக் கழித்துக் கட்ட வைத்திருந்தார்கள். எனக்குக் கொடுங்களேன் என்று சந்திரிகா கேட்டாள். அதில் எந்தப் படத்தைப் போட்டாலும் வலது பக்கக் கீழ்மூலையில் வெளிறிய நீலத்தில் ஒரு திட்டு விழும். என்ன துடைத்தும் போகவில்லை. அடுக்ககத்தில் அதற்கு 'மேகம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பாலைவனத்தில் நடக்கிற கதையிலும் மேகம் உண்டு, மூடிய அறைக்குள் இருவர் பேசிக்கொள்ளும் காட்சியிலும் மேகம் உண்டு.

மாதக் கடைசி ஞாயிறு, சாயந்திரம் நாலரை மணி, தரைத்தள ஹாலில் சந்திரிகாவின் படம். மூன்று வருஷமாக ஒரு மாதம் தவறவில்லை. ஊர் உலகத்துப் படங்களை மகள் சொல்லியும் தானே தேடியும் எடுப்பாள். இங்கிலீஷ் சப்டைட்டிலை ஏ ப்ளாக் ஆஸ்டின் சார் பெரியவர்களுக்காகச் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். ரயில்வேயில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கதாநாயகன் சாகும்போதுகூட அவர் குரல் மூன்றாவது நடைமேடைக்கு வண்டி வருகிற மாதிரி நிதானமாக இருக்கும். ஜெயவேலு வீட்டம்மா என்பது எப்போது 'படம் போடற சந்திரிகா' என்று மாறியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அவளுக்குத் தெரியும். ஆறாவது படத்துக்கு மறுநாள், பால் வாங்க நின்றபோது.

டேக் பெட்டியும் அவள் யோசனைதான். முகத்துக்கு நேரே 'சூப்பர் படம்க்கா' என்றுவிட்டு வாட்ஸப்பில் வேறு மாதிரி எழுதுகிறார்கள் என்று கண்டதும், பட்டறையில் மிச்சமான டேக்குகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். போகும்போது ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். பச்சைதான் எப்போதும் ஜாஸ்தி. ஒரு சிவப்பு நிச்சயம் இருக்கும். அது சங்கச் செயலாளர் மாணிக்கவேல் சாருடையது. ஞாயிறு சாயந்திரம் ஹாலில் யோகா நடக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மஞ்சள் மட்டும் யாரும் போட்டதில்லை. அதில் காரணம் எழுத வேண்டுமே, யாருக்குப் பொறுமை?

அந்த ஜூன் மாதம் பட்டறையில் தணிக்கை. பிராக்கெட் வாங்கும் கார் கம்பெனிக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டு இரண்டு வருஷத்துப் பேப்பரைக் கேட்டார்கள். படம் தேட நேரமில்லை. பட்டறை வேனில் வீடு திரும்பும்போது போனில் தட்டிக்கொண்டிருந்தவள் கண்ணில் ஒரு படம் பட்டது. வெள்ளை உடுப்பில், கால் கட்டைவிரல் நுனியில் நிற்கும் ஒரு பெண், பாலே நடனக்காரி. உலகமெல்லாம் பரிசு வாங்கிய படம் என்று போட்டிருந்தது. சந்திரிகா முதல் பத்து நிமிஷம் பார்த்தாள்: பனி கொட்டும் ஊர், நடனப் பள்ளி, அழகான பயிற்சி. நடுவில் தள்ளிப் பத்து நிமிஷம் பார்த்தாள்: அந்தப் பெண் தன் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சூப் குடிக்கிறாள், அண்ணன் குழந்தைகளுக்குத் தலை வாரிவிடுகிறாள். கடைசிப் பத்து நிமிஷம் பார்த்தாள்: பெரிய மேடை, கண்ணைப் பறிக்கும் ஆட்டம், கைதட்டல். முதல், நடு, கடைசி. மூன்றும் அளவுக்குள் நின்றன. வேன் முடிச்சூர் வந்து சேரவும் அவள் மனசுக்குள் பச்சை டேக் கட்டவும் சரியாக இருந்தது.

லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினாள். 'உலகப் புகழ் பெற்ற நடனப் படம். குடும்பத்துடன் காண்க.' அடியில் 'ச', சுழி.

அதைப் பார்த்த தீபலட்சுமிக்கு ரொம்ப சந்தோஷம். சனிக்கிழமை காலையில் அதே ஹாலில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். பதினோரு பிள்ளைகளையும் தலை நிறையப் பூ வைத்துக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசைப் பாயில் உட்கார வைத்தாள்.

முதல் பத்து நிமிஷம் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தன. சந்திரிகா வழக்கம்போல வெளியே வராந்தாவில் டீ கலக்கப் போனாள். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் படத்துப் பெண் பயிற்சி அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தன் இடது காலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"நீ யாருடைய கால்?" என்று ஆஸ்டின் சார் குரல் கணீரென்று அறிவித்தது. "நீ என்னுடைய கால் இல்லை. உன்னை யார் இங்கே அனுப்பியது?"

அடிபட்டுத் தேறிய அந்த இடது கால் தன்னுடையதே இல்லை, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அவள் நம்புகிறாள். அதைத் திட்டுகிறாள், பட்டினி போடுகிறாள், இரவெல்லாம் தூங்கவிடாமல் நிற்க வைக்கிறாள். நாற்பதாவது நிமிஷம். கத்தரிக்கோலை எடுத்தாள். காலை முன்னே நீட்டிக் குனிந்தாள். கால் இருந்தது திரையின் வலது பக்கக் கீழ்மூலையில்.

மேகத்துக்குள்ளே கத்தரிக்கோல் போனது. ஒரு சத்தம் கேட்டது. அடுத்த காட்சியில் சூப்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை அலற, மற்ற பத்தும் சேர்ந்து அலறின. சந்திரிகா டீக்கரண்டியோடு உள்ளே ஓடிவந்தாள். பாதி ஹால் எழுந்து நின்றது. தீபலட்சுமி பிள்ளைகளை அணைத்துத் தள்ளிக்கொண்டு வெளியேறினாள். மிச்சப் படம் முழுக்க சந்திரிகா வராந்தாவில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கைதட்டல் கேட்டது. படத்திலா ஹாலிலா என்று அவளுக்கு விளங்கவில்லை.

பெட்டியைத் திறந்து எண்ணினால் பச்சை பத்தொன்பது, சிவப்பு இருபத்திரண்டு.

அன்று ராத்திரியே வாட்ஸப் பற்றிக்கொண்டது. துர்கா நர்ஸ், பிள்ளையை முதலில் அனுப்பிவிட்டுக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவள், எழுதினாள்: 'என் சர்வீஸ்ல இந்த மாதிரி பேஷண்ட்ட பாத்திருக்கேன். இவ்ளோ உண்மையா ஒரு படம் பாத்ததில்ல. ஹாட்ஸ் ஆஃப் சந்திரிகாக்கா.' தீபலட்சுமி எழுதினாள்: 'இது கலைக்கு அவமானம். குழந்தைங்க முன்னாடி கால வெட்டற படமா?' அதற்குக் கீழே ஒருத்தர், வெட்டியது காலை இல்லை ஷூவை என்றார். இல்லை, எலும்பு நொறுங்கின சத்தம் என் காதில் விழுந்தது என்றார் இன்னொருத்தர். காலை வெட்டியிருந்தால் கடைசியில் எப்படி ஆடினாள் என்று ஒரு கேள்வி. அந்த ஆட்டமே அவள் கனவுதான், இதுகூடப் புரியவில்லையா என்று ஒரு பதில். ஆஸ்டின் சார், 'ஓவர்டைம் பார்த்த எந்தத் தொழிலாளிக்கும் இந்தப் படம் புரியும்' என்று போட்டார். கடைசியில் அவள் சிரித்தாளா அழுதாளா என்று தனியாக ஒரு சண்டை. எல்லாச் சண்டையும் ஒரே இடத்தில் வந்து முடிந்தது: 'சந்திரிகா மேடம் சொல்லட்டும். அவங்க முன்னாடியே பாத்துட்டுத்தானே போட்டாங்க.'

மாணிக்கவேல் ஒரே வரி எழுதினார். 'சிவப்பு அதிகம் என்றால் நிறுத்திவிடலாம் என்று மேடமே சொன்னதாக நினைவு. அடுத்த ஞாயிறு பொதுக்குழுவில் முடிவெடுப்போம்.'

சொன்னது வாஸ்தவம். பச்சைக்குப் பஞ்சமில்லாத காலத்தில், டேக் பெட்டியை வைத்த அன்றைக்கு வீறாப்பாகச் சொன்னது.

"என்ன பதில் போடப்போற?" என்றார் ஜெயவேலு. அவர் படத்தில் பாதி தூங்கியிருந்தார்; அலறலில் விழித்து, டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார் என்று சட்டைப் பையைத் தடவியிருந்தார்.

"தெரியலங்க."

"வெட்டுனாளா, இல்லையா?"

"தெரியலங்கறேன்ல."

ஜெயவேலு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "நீ படத்த பாக்கவே இல்லையா?"

சந்திரிகா சொன்னாள். முதல், நடு, கடைசி. அவர் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இத பாரு. யார்கிட்டயும் சொல்லாத. பாதிப் பேரு உன்னப் பெரிய மேதாவின்னு நெனச்சிக்கிட்டிருக்கான். மீதிப் பேரு துணிச்சல்காரின்னு பயப்படறான். ரெண்டும் நல்லதுதானே? இருந்துட்டுப் போவட்டுமே."

அதுதான் அவளைக் குடைந்தது. திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றாக இருந்தார்கள்: அவள் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள் என்று நம்பினார்கள். சொன்னால் படமும் போகும், மேதாவிப் பட்டமும் போகும், கையெழுத்தும் போகும். மறுபடியும் ஜெயவேலு வீட்டம்மா.

திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது கேட்டில் குப்புராஜ் மறித்துக்கொண்டார். பகல் நேரக் காவலாளி. கதவோரமாக நின்றே எல்லாப் படத்தையும் பார்க்கிறவர்.

"யக்கா, கால வெட்னாளா இல்லியா? போறவன் வர்றவன்லாம் என்னாண்ட கேட்டுகினு கீறான். ஒரே பேஜாரா கீது."

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"நானு இன்னாத்த நெனைக்கறது? மூலைல உன் மேகம் வந்து குந்திகிச்சே! ஆனா ஒண்ணு, பச்சைதான் போட்டேன். வூட்டுக்குப் போயி ராத்திரி பூரா என் கால நானே பாத்துகினு இருந்தேன். படம்னா அப்டி இருக்கணும்."

செவ்வாய்க்கிழமை லிஃப்டில் சின்மயி ஏறினாள். துர்காவின் மகள், எட்டு வயசு, முதலில் அலறிய பிள்ளை. பள்ளிக்கூடப் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, தன் இடது ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டியது.

"ஆன்ட்டி, அந்தக் கால் அவங்களோடதுதானே?"

சந்திரிகாவும் அந்த ஷூவைப் பார்த்தாள். "ஏன்டா கேக்கற?"

"அப்ப ஏன் வெட்டுனாங்க?"

பட்டறைச் சரக்கை வாங்குகிற கம்பெனிக்காரன் போனில் கேட்டால் ரெஜிஸ்டரைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சமாளிக்கலாம். இந்த வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது? இரண்டாம் மாடி வந்து கதவு திறந்துகொண்டது. "பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று இறங்கிக்கொண்டாள் சந்திரிகா. சின்மயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பாக்கலையா?" கதவு மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை தொழிற்பேட்டையில் மாதாந்தரப் பராமரிப்புக்காக மின்சாரம் கிடையாது, பட்டறை லீவு. ஜெயவேலுவுக்கு டப்பா கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அரைத்த மாவை ஓரமாக வைத்துவிட்டு, பத்து மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஐம்பது நிமிஷம். ஒரு நொடிகூடத் தள்ளவில்லை. குக்கர் விசில் வந்தபோது நிறுத்திவிட்டுப் போய், திரும்பி வந்து பத்து நொடி பின்னால் போய் ஆரம்பித்தாள்.

மேகம் இல்லாத திரையில் கத்தரிக்கோல் பளிச்சென்று தெரிந்தது. ஷூவின் நாடாவைத்தான் வெட்டினாள் அந்தப் பெண். கால் வீங்கிப்போய் நாடாவை அவிழ்க்க முடியவில்லை, அதனால் வெட்டினாள். சந்திரிகா அந்த இடத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் நாடாதான்.

மற்றது அவ்வளவு எளிதாக இல்லை. முதல் அரைமணியில் படத்தை நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. அந்தப் பெண் வலியைச் சொல்லமாட்டேன் என்கிறாள். சொன்னால் வேஷம் வேறொருத்திக்குப் போய்விடும். அதனால் கால் என்னுடையதில்லை, வலியும் என்னுடையதில்லை என்று கணக்கை முடிக்கிறாள். சந்திரிகா தன் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த மணிக்கட்டு எட்டு மாதம் வீங்கியே இருந்தது. முழுக்கை ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டு ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. வெர்னியர் பிடிக்க முடியாதவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயம். அப்போது இந்தக் கையை அவள் 'சனியன்' என்றுதான் கூப்பிட்டாள். வேறு யாருடையதோ மாதிரி. கடைசியில் ஒரு நாள் சாம்பார்ப் பாத்திரத்தைத் தவறவிட்டு, ஜெயவேலு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய், ஒன்றரை மாதத்தில் சரியாகிவிட்டது. இதற்குத்தானா எட்டு மாதம் என்று இருந்தது.

படம் பிடித்ததா? முன்பாதியில் சிவப்பு, பின்பாதியில் பச்சை. கடைசியில் அந்தப் பெண் சிரித்தாளா அழுதாளா என்பது மேகம் இல்லாமலும் விளங்கவில்லை.

அன்று சாயந்திரம் நாலு மணிக்கு லிஃப்ட் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். சின்மயி வந்தாள்.

"அவளோட கால்தான்டா. வெட்டல. ஷூ நாடாவதான் வெட்டுனா. நான் மூணு தடவ பாத்தேன்."

"அப்ப ஏன் திட்டுனாங்க?"

"வலிச்சுது. யாருகிட்டயும் சொல்லாம வச்சுக்கிட்டா."

சின்மயி யோசித்தாள். "எனக்குக்கூட முட்டி வலிக்குது ஆன்ட்டி."

"அம்மாகிட்ட சொல்லு. மிஸ்கிட்டயும் சொல்லு."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று சனிக்கிழமை தோன்றியது. வகுப்பு முடிந்ததும் தீபலட்சுமி கால் சலங்கையைக் கையில் பிடித்தபடி இரண்டு மாடி ஏறி வந்துவிட்டாள். சந்திரிகா கதவைத் திறந்தாள்.

"ஒரு பிள்ளகூட அரைமண்டில உக்கார மாட்டேங்குது மேடம். பதினோரு பிள்ளைக்கும் ஒரே நாள்ல கால் வலி! 'மிஸ், வலிச்சா சொல்லணுமாம், சந்திரிகா ஆன்ட்டி சொன்னாங்க'. எனக்கு வகுப்பு நடத்தவா, கட்டுப் போடவா?"

"உள்ள வாங்க தீபா. டீ போடறேன்."

"டீ வேணாம். அதுல ஒண்ணுக்கு நெஜமாவே வீங்கியிருக்கு. அந்தச் சின்மயி. துர்காவ கூப்பிட்டுக் காமிச்சேன், ரெண்டு வாரம் ரெஸ்ட் விடச் சொன்னாங்க. அது வேற. மத்த பத்தும் நடிக்குதுங்க." மூச்சு வாங்கினாள். "நாளைக்கு மீட்டிங்ல நான் பேசத்தான் போறேன். மனசுல வச்சுக்காதீங்க."

"பேசுங்க" என்றாள் சந்திரிகா.

ஞாயிறு பதினோரு மணிப் பொதுக்குழுவில் தண்ணி மோட்டார் அரைமணி நேரம் ஓடியது. சி ப்ளாக் பைக் நிறுத்தம் அரைமணி. ஆஸ்டின் சார் சர்ச்சிலிருந்து நேராக வந்து வெள்ளைச் சட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். மாணிக்கவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்தது திரைப்படம்" என்றார்.

தீபலட்சுமி பேசினாள். சொன்ன மாதிரியே காரமாகத்தான் பேசினாள். துர்கா எழுந்தாள். "எனக்கும் பிள்ள அழுதுச்சு. ஆனா பெரியவங்களுக்கு இது தேவையான படம். சந்திரிகாக்கா எல்லாம் யோசிச்சு, துணிஞ்சுதான் போட்டிருக்காங்க. நம்ம ஃப்ளாட்ல இப்படி ஒருத்தர் இருக்கறது நமக்குப் பெருமை." பாதி ஹால் கைதட்டியது. ஜெயவேலு மனைவியின் பக்கம் சாய்ந்து, "இப்படியே விட்டுடு. வாய தொறக்காத" என்றார் மெல்ல.

சந்திரிகா எழுந்தாள்.

"நான் யோசிக்கவும் இல்ல, துணியவும் இல்ல. நான் படத்த பாக்கவே இல்ல."

முதல், நடு, கடைசி என்று பட்டறையில் பார்ப்பதைச் சொன்னாள். அதே மாதிரி இந்தப் படத்தையும் முப்பது நிமிஷம் பார்த்து முடித்ததைச் சொன்னாள். "பிரஸ்ஸில ஒரே டை, ஒரே அச்சு. முதல் பீஸும் கடைசி பீஸும் ஒண்ணாத்தான் இருக்கும். படம் அப்படி இல்ல. அது எனக்குத் தோணல. பாக்காம 'குடும்பத்துடன் காண்க'ன்னு எழுதி கையெழுத்து போட்டுட்டேன். பிள்ளைங்க பயந்ததுக்கு நான்தான் காரணம். தீபா, மன்னிச்சுடுங்க."

யாரோ பின்வரிசையில் சிரித்தார். அது பரவியது. தீபலட்சுமி சிரிக்கவில்லை, துர்காவும் சிரிக்கவில்லை. "அக்கா, நெஜமாவா?" என்றாள் துர்கா, ஏமாந்த குரலில். அந்தக் குரல்தான் சந்திரிகாவுக்கு வலித்தது.

"பாருங்க, இதுதான் லட்சணம்!" என்றார் மாணிக்கவேல். "பொறுப்பில்லாம..."

"செகரட்டரி சார்," ஆஸ்டின் சாரின் அறிவிப்புக் குரல் நடுவில் விழுந்தது. "தாங்கள் சிவப்பு போட்டீர்களே, தாங்கள் எத்தனை நிமிஷம் பார்த்தீர்கள்?"

மாணிக்கவேல் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒரு பதினஞ்சு."

"மேடம் முப்பது பாத்திருக்காங்க!" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

இந்த முறை ஹாலே சிரித்தது. சந்திரிகா கையைத் தூக்கி அமர்த்தினாள். "சார் பேர்ல தப்பில்ல. அவரு பாத்ததுக்கு டேக் போட்டாரு. நான் பாக்காததுக்குக் கையெழுத்து போட்டேன். ரெண்டும் ஒண்ணு இல்ல." மாணிக்கவேல் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

"எங்க பட்டறைல தப்பான பெட்டி போயிடுச்சுன்னா, திருப்பிக் கொண்டாந்து ஒவ்வொரு பீஸா பாக்கணும். அப்புறம் ரெண்டு கையெழுத்து வேணும், ஒருத்தர் போதாது. வியாழக்கிழமை முழுசா உக்காந்து பாத்துட்டேன். வெட்டுனது ஷூ நாடாவதான்."

"நான் அப்பவே சொல்லல?" என்று ஒரு குரல். "சத்தம் கேட்டுச்சே!" என்று இன்னொன்று. கதவோரம் நின்றபடி குப்புராஜ், "அப்பாடா" என்றார்.

"நீங்க சம்மதிச்சா அடுத்த ஞாயிறு மறுபடி போடறேன். பெரியவங்களுக்கு மட்டும். இனிமே எந்தப் படமும் ரெண்டு பேரு முழுசா பாத்தப்புறம்தான். ரெண்டாவது ஆளு யாருன்னு நீங்களே சொல்லுங்க. வேணாம்னா ப்ரொஜெக்டர எடுத்துட்டுப் போயிடறேன்." உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் பேர் சொல்லவில்லை. தீபலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நானே பாக்கறேன். வேற யாரையும் நம்பறதுக்கில்ல."

மாணிக்கவேல் கைதூக்கச் சொன்னார். எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார். படம் இருக்கட்டும் என்று இருபத்தேழு கை; யோகாவுக்குப் பதினாறு. "யோகா காலையில வச்சுக்கலாம்" என்று தானே சொல்லி, தானே எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஜெயவேலு ப்ரொஜெக்டரைப் பின்னால் தள்ளி வைத்து, படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி இடப்பக்கம் நகர்த்தினார். மேகம் திரையைத் தாண்டிப் போய், தீயணைப்பு சிலிண்டருக்கு மேலே சுவரில் உட்கார்ந்துகொண்டது. திரையில் இடது கால் முழுசாகத் தெரிந்தது. மூன்று வருஷமாக இது ஏன் தோன்றவில்லை என்று கேட்டதற்கு, "யாரும் கேக்கலியே" என்றார்.

வந்தவர்கள் முப்பத்தோரு பேர். இந்த முறை சந்திரிகா டீயைக் குப்புராஜிடம் விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். மாணிக்கவேல் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, கடைசிவரை எழுந்திருக்கவில்லை. நாடாவை வெட்டியபோது ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. படம் முடிந்து விளக்குப் போட்டதும், அவள் கடைசியில் சிரித்தாளா அழுதாளா என்று பழைய இடத்திலேயே சண்டை தொடங்கியது. துர்கா அழுதாள் என்றாள். ஆஸ்டின் சார் சிரித்தாள் என்று அறிவித்தார். டீ தீர்ந்தும் யாரும் கிளம்பவில்லை. துர்கா போகும்போது சந்திரிகாவின் தோளைத் தொட்டு, "இப்பவாவது பாத்தீங்களே" என்றாள். அதில் கொஞ்சம் குத்தல் இருந்தது. இருக்கட்டும் என்று சந்திரிகா வாங்கிக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்தாள். பச்சை பதினைந்து, சிவப்பு பதினான்கு. அந்தப் பதினான்கில் மாணிக்கவேலுடையது எது என்று பார்த்ததும் தெரிந்தது. முழுசாகப் பார்த்தவர் என்ற உரிமையில் இந்தத் தடவை மூலையில் கையெழுத்துப் போட்டிருந்தார். மிச்சம் இரண்டு மஞ்சள். ஒன்று அவளே போட்டது. காரணக் கோட்டில் 'இன்னும் யோசிக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். மற்றதில் குண்டு குண்டாக, பிள்ளைகளுக்கு ஜதி எழுதிக்கொடுக்கும் கையெழுத்தில் தீபலட்சுமி எழுதியிருந்தாள்: 'ஆட்டம் நன்றாக இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு ஒழுங்கான வாத்தியார் இல்லை.'

சந்திரிகா அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை மாத நோட்டீஸை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியபோது, 'குடும்பத்துடன் காண்க' இருந்த இடத்தில் 'முழுதும் பார்த்தோம்' என்று இருந்தது. அடியில் 'ச', சுழி. பக்கத்தில் 'தீ', சுழி இல்லாமல்.

அந்த ஜூலைப் படம் இரண்டு மணி நாற்பது நிமிஷம். ஒட்டுவதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் தீபலட்சுமி முறுக்கு டப்பாவோடு பி ப்ளாக்கில் சந்திரிகா வீட்டுக்கு வந்து சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தாள். சந்திரிகா ரிமோட்டை எடுத்தாள்.

"அப்ப சாயந்திரம் டிபன் நானா?" என்றார் ஜெயவேலு, சமையலறை வாசலில் நின்று.

"மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்குங்க" என்றாள் சந்திரிகா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.